நீரிலும் சிப்பியிலும் வைரஸ்: கண்டறிதலும் தற்காப்பும்

கிணற்று நீர் தெளிவாக இருப்பதாலோ, பாக்டீரியா பரிசோதனையில் தேறியதாலோ அதில் வைரஸ் இல்லை என்று கொள்ள இயலாது.

1955 டிசம்பர் முதல் 1956 ஜனவரி வரை டெல்லியில் சுமார் 29,300 பேருக்கு மஞ்சள் காமாலை ஏற்பட்டது. யமுனையில் குடிநீர் எடுக்குமிடத்தில் கழிவுநீர் கலந்ததே காரணம். குளோரின் பாக்டீரியாவைக் கட்டுப்படுத்தியது, வைரஸைத் தடுக்கவில்லை. அது ஹெபடைடிஸ் 'இ' எனச் சேமித்து வைத்த இரத்த மாதிரிகள் பின்னர் காட்டின.

எவ்வாறு கண்டறியப்படுகிறது?

நீரில் வைரஸ் மிகக் குறைவாகவே இருக்கும். எனவே பல லிட்டர் நீரை வடிகட்டிச் செறிவாக்கி, பிசிஆர் முறையில் வைரஸின் மரபணுவைத் தேடுவர். சிப்பி, மட்டி போன்றவை நீரை வடித்து உண்பதால் வைரஸ் அவற்றின் செரிமானச் சுரப்பியில் சேர்கிறது, அப்பகுதியே பரிசோதிக்கப்படும். 1988இல் ஷாங்காயில் சரியாக வேகாத மட்டியால் ஏறத்தாழ 3 லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் 'ஏ' பரவியது.

இப்பரிசோதனையை வீட்டில் செய்ய இயலாது. ஆகவே:

• சேந்தமங்கலம் போன்ற ஊர்களில் கிணறு, ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிப்போர், கொதி வந்தபின் 1 நிமிடமாவது நன்கு கொதிக்கவிட்டு, ஆறியபின் மூடிவைத்துப் பருக வேண்டும்.

• மட்டியின் ஓடு திறந்தால் மட்டும் போதாது. உட்பகுதி முழுமையாக வேக வேண்டும்.

• வைரஸ் பரவும் காலத்தில் குடிநீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.5 மி.கி. இருத்தல் வேண்டும்.

• கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர் மஞ்சளாதல், தொடர் வாந்தி இருப்பின் உடனே அரசு மருத்துவமனையை அணுகவும். கர்ப்பிணிகளுக்கு ஹெபடைடிஸ் 'இ' உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.