இன்மையும் ஓர் அளவை: கோலார் ஆழத்தில் நடந்த அறிவாராய்ச்சி

மணிமேகலைக் காப்பியத்தில், வஞ்சி மாநகரில் மணிமேகலை மாதவன் (பெருந்தவத்தோன்) வடிவம் கொண்டு சமயவாதிகளைச் சந்திக்கிறாள். முதலில் எதிர்ப்படுபவன் வைதிக மார்க்கத்து அளவைவாதி. அறிவு நமக்கு எந்தெந்த வழிகளில் வந்து சேருகிறது என்று பத்து அளவைகளை அவன் எண்ணிக் காட்டுகிறான். காண்டல், கருதல், உவமம், ஆகமம் என்று போகும் அந்த வரிசையில் அபாவம் என்று ஒன்று வருகிறது. ஒரு பொருள் இல்லை என்று அறிவதும் அறிவுதான், அதற்கும் ஒரு வழி உண்டு என்பது அதன் கருத்து.

தரையில் குடம் இல்லை என்று எப்படித் தெரிந்துகொள்கிறோம்? கண்ணில் படுவது தரை மட்டுமே. இல்லாத குடம் கண்ணில் எப்படிப் படும்? தர்க்க நூலார் நூற்றாண்டுக் கணக்கில் இதற்காக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். குமாரில பட்டரின் வழிவந்த மீமாஞ்சகர், இன்மையை அறியத் தனி அளவையே வேண்டும் என்றனர். நையாயிகர் அது காட்சியிலேயே அடங்கும் என்றனர். 7ஆம் நூற்றாண்டுப் பௌத்தரான தருமகீர்த்தி அதை அனுமானத்தில் சேர்த்தார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரின் அளவை இயலில் பத்தையும் சொல்லிவிட்டு, எல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்று கணக்கை முடித்துவிட்டார்.

ஏட்டுச் சுரைக்காய் என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. ஆனால் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கிழக்கே, பூமிக்கு அடியில், இதே வழக்கு இரும்பும் மின்சாரமும் கொண்டு மறுபடி விசாரிக்கப்பட்டது. விசாரித்தவர்கள் இயற்பியலாளர்கள். விசாரணைக் கூடத்தைத் தோண்டிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

கே.ஜி.எஃப். என்ற பெயர் சினிமாவால் இன்று ஊரறிந்தது. அங்கே நடந்த அறிவியலை அறிந்தவர்கள் சிலரே. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலார் தங்கவயலில் காலூன்றியது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் சுரங்கத்துக்கு வந்தது. பெங்களூரில் மின்விளக்கு எரிய அதற்குப் பிறகும் மூன்று ஆண்டுகள் ஆயின. வட ஆர்க்காடு, சேலம் பக்கங்களிலிருந்து மக்கள் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய், உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாயிற்று. அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அழுத்தம் தாளாமல் பாறை திடீரெனச் சிதறும். அந்த ‘ராக் பர்ஸ்ட்’டில் போன உயிர்கள் பல.

அறிவியல் முன்னே நடக்கும், தொழில்நுட்பம் அதன் கண்டுபிடிப்புகளை வாங்கிக்கொண்டு பின்னே வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கோலாரில் முறை மாறி நடந்தது. தங்கத்துக்காக ஷாஃப்ட் இறக்கி, தண்ணீரை இறைத்து, காற்றைக் குளிர்வித்து, கேஜில் ஆள் இறக்கும் ஏற்பாடுகளெல்லாம் எழுபது ஆண்டுகள் பழகித் தேர்ந்த பிறகுதான் இயற்பியல் அங்கே உள்ளே நுழைந்தது. 1951இல் ஹோமி பாபாவின் யோசனைப்படி டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் இளம் ஆய்வாளர் பி.வி. ஸ்ரீகண்டன் தம் கருவிகளோடு சுரங்கத்தில் இறங்கினார். நஞ்சன்கூட்டில் பிறந்தவர் அவர்.

அவர் எண்ண வந்தவை மியூவான்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தைத் தாக்கும்போது பிறக்கும் துகள்கள் அவை. கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில் நம்மைத் துளைத்துக்கொண்டு போகின்றன. பாறைக்குள் இறங்க இறங்க அவற்றின் எண்ணிக்கை குறையும். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு குறைகிறது என்று பத்தாண்டுக் காலம் படிப்படியாக அளந்துகொண்டே போனார்கள். 1960களின் தொடக்கத்தில் 2,760 மீட்டர் ஆழத்தில் கருவியை வைத்தார்கள். இரண்டு மாதம் காத்திருந்தும் ஒரு மியூவான்கூட வரவில்லை.

இனி எண்ண ஒன்றுமில்லை என்று வேறு யாராவது கருவியைக் கட்டி எடுத்திருப்பார்கள். கோலார் குழுவினருக்கோ அந்த வெறுமைதான் முதலாயிற்று. மேலிருந்து எதுவும் வந்து சேராத இடம் இது என்றால், மலையையும் பூமியையும் பொருட்படுத்தாமல் ஊடுருவும் நியூட்ரினோவைத் தேட இதைவிட நல்ல இடம் கிடையாது. சூரியனிலிருந்து மட்டும் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் நொடிக்கு 6,000 கோடிக்கும் மேற்பட்ட நியூட்ரினோக்கள் கடந்து போகின்றன, நாம் அறிவதில்லை. காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களோ எண்ணிக்கையில் மிகக் குறைவு, ஆற்றலில் மிகுதி. அவற்றில் ஏதேனும் ஒன்று அபூர்வமாகப் பாறையின் அணுக்கருவில் மோதினால் ஒரு மியூவான் பிறக்கும்.

சரி, கருவியில் ஒரு மியூவான் பதிந்தது. அது நியூட்ரினோ பெற்ற பிள்ளை என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் அவர்களுடைய அனுமானத்தின் அழகு. அத்தனை பாறையைக் கடந்து மேலிருந்து தப்பித்தவறி வரும் மியூவான் ஏறக்குறைய செங்குத்தாகத்தான் வர முடியும். சாய்ந்து வந்தால் கடக்க வேண்டிய பாறையின் தடிமன் கூடிவிடும், நடுவழியிலேயே அடங்கிவிடும். ஆகவே பக்கவாட்டில் பாய்ந்து வரும் மியூவான் வளிமண்டலத்தில் பிறந்ததாக இருக்க முடியாது. அது அருகிலிருக்கும் பாறைக்குள் பிறந்தது, பிறப்பித்தது நியூட்ரினோ. கருவிகளையும் அதற்கேற்பச் செங்குத்துச் சுவர்களாகவே நிறுத்தினார்கள். புகையைக் கண்டு நெருப்பை அறிவதைக் காரிய ஏது என்பர் நம் தர்க்க நூலார். இங்கே புகை வந்த திசையும் சேர்ந்து சாட்சி சொன்னது.

2,300 மீட்டர் ஆழத்தில் டாட்டா நிறுவனத்தாரும் ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து நடத்திய அந்தச் சோதனை 1965இல் பலித்தது. அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கமொன்றில் ஃபிரெடரிக் ரைன்ஸ் குழுவினரும் அதையே கண்டார்கள். வளிமண்டல நியூட்ரினோவை மனிதன் முதன்முதலாக அறிந்தது இந்த இரண்டு தங்கச் சுரங்கங்களில்தான்.

அடுத்த கதை வெற்றிக் கதையில்லை. எனக்கு அதன்மேல்தான் மதிப்பு கூடுதல். 1970களில் இயற்கையின் விசைகளை ஒன்றாக்கிப் பார்க்க முயன்ற கொள்கைகள் எழுந்தன. ஜோகேஷ் பதியும் அப்துஸ் சலாமும் ஒரு வழியில் போனார்கள். ஜார்ஜியும் கிளாஷோவும் 1974இல் இன்னொரு வழியைக் காட்டினார்கள். நிலையானது என்று நாம் நம்பும் புரோட்டானும் ஒரு நாள் சிதையும் என்ற முடிவை இரண்டு வழிகளும் தந்தன. ஜார்ஜி–கிளாஷோ வழியில் அதன் ஆயுளுக்குச் சொல்லப்பட்ட மதிப்பு, 1-ஐ அடுத்து ஏறத்தாழ 31 சுழியங்கள் கொண்ட எண்ணிக்கையில் ஆண்டுகள். பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டுகள்தான். ஒரு புரோட்டானை வைத்துக்கொண்டு காத்திருக்க ஆகாது. ஆனால் ஏராளமான புரோட்டான்களை ஓரிடத்தில் சேர்த்துவிட்டால் ஆண்டுக்குச் சிலவாவது சிதைய வேண்டும். 1980இன் இறுதியில் கோலாரில் 140 டன் எடையில் இரும்புக் குழாய் எண்ணிகளை அடுக்கிவைத்தார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: அத்தனை இரும்பில் இருக்கும் புரோட்டான், நியூட்ரான்களின் தொகை 8-ஐ அடுத்து 31 சுழியங்கள். கொள்கை சொன்ன ஆயுள் சரியென்றால் ஆண்டுக்கு எட்டுச் சிதைவு என்ற கணக்கில் நடக்க வேண்டும்.

ஓரிரு ஆண்டுகளில், சிதைவாக இருக்கலாம் என்று சில நிகழ்வுகளைக் கோலார் குழு அறிவித்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. பிறகு அமெரிக்காவில் ஓஹியோவின் உப்புச் சுரங்கத்திலும், ஜப்பானில் கமியோக்கா சுரங்கத்திலும் ஆயிரக்கணக்கான டன் நீரை வைத்துத் தேடினார்கள், ஒன்றும் அகப்படவில்லை. கோலார் நிகழ்வுகளை நியூட்ரினோவின் வேலை என்று விளக்கவும் இடமிருந்தது. அந்த அறிவிப்பு நிலைபெறவில்லை. 1996இல் தொடங்கிய சூப்பர் கமியோக்காண்டேயின் 50,000 டன் நீரிலும் இதுவரை ஒரு சிதைவும் தெரியவில்லை. இன்று புரோட்டானின் ஆயுள் பற்றிய கீழ் எல்லை, தேடப்படும் முக்கியச் சிதைவு வழிக்கு, 1-ஐ அடுத்து 34 சுழியங்களைத் தாண்டிவிட்டது. ஜார்ஜி–கிளாஷோ கொள்கையின் எளிய வடிவம் தள்ளுபடியாயிற்று. தள்ளியது எந்தக் காட்சியும் அல்ல, ஒன்றும் காணாமை.

காணாமை எப்போது அளவையாகும்? தருமகீர்த்தி இதற்கு விதித்த நிபந்தனை அற்புதமானது. காணத்தக்க பொருளைக் காணாததே அதன் இன்மைக்குச் சான்று. காண இயலாத பொருளைக் காணாததால் எதுவும் நிறுவப்படாது. இருந்திருந்தால் தெரிந்திருக்கும் என்பதை முதலில் நிலைநாட்ட வேண்டும், அதன் பிறகே தெரியவில்லை, ஆகவே இல்லை என்று சொல்லலாம். கெட்டுப்போன கருவியும் மௌனமாகத்தான் இருக்கும். சுரங்க விஞ்ஞானியின் உழைப்பில் பெரும்பங்கு, தன் கருவி விழித்திருந்தது என்று மெய்ப்பிப்பதிலேயே கழிகிறது. பொய்ப்பிக்க இடம் தருவதே அறிவியலின் அடையாளம் என்று கார்ல் பாப்பர் 1934இல் எழுதியதைக் கல்லூரிகளில் கற்பிக்கிறோம். நல்லது. ஆனால் ஒரு சோதனை எப்போது உண்மையிலேயே பொய்ப்பித்ததாகும் என்ற நுட்பமான இடத்தில், என் கணிப்பில், தருமகீர்த்தியே கூர்மையானவர்.

பெங்களூர்க்காரர்களுக்கு இது அன்றாடப் பாடம். மென்பொருளைச் சோதிக்கிறவர் பிழை எதுவும் அகப்படவில்லை என்று அறிக்கை தருவார், மேலாளர் அதைப் பிழை இல்லை என்று வாடிக்கையாளருக்கு எழுதுவார். சோதனையால் பிழையின் இருப்பைக் காட்டலாமே ஒழிய இன்மையைக் காட்ட முடியாது என்று கணினியியலாளர் டைக்ஸ்ட்ரா எச்சரித்து அரை நூற்றாண்டு ஆகிறது.

தேனி மாவட்டம் பொட்டிபுரத்திலும் இதே முடிச்சுதான். கோலாரின் வாரிசாகத் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நியூட்ரினோவால் யாருக்கும் கேடில்லை, அது எப்படியும் நம்மைக் கடந்துகொண்டுதான் இருக்கிறது. மக்கள் கேட்டதோ மலையைக் குடைவதைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும். ஆபத்து இல்லை என்பதும் ஓர் இன்மைக் கூற்றே. எப்படித் தேடினோம், இருந்திருந்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்று ஊர்க் கூட்டத்தில் பொறுமையாக விளக்கியிருக்க வேண்டியதை, பெரியவர்கள் சொல்கிறோம் நம்புங்கள் என்ற பாணியில் சொன்னால் யார் கேட்பார்கள்? விஞ்ஞானிகள் ஆகம அளவையை நம்பிப் பேசியது எனக்கு விந்தையாகவே இருந்தது.

ஸ்ரீகண்டன் பின்னாளில் டாட்டா நிறுவனத்தின் இயக்குநரானார். ஓய்வுக்குப் பின் பெங்களூரில், ஜே.ஆர்.டி. டாட்டா 1988இல் தொடங்கிய தேசிய உயராய்வு நிறுவனத்தில் இருந்துகொண்டு அறிவியலின் மெய்யியலையும் உணர்வு பற்றிய கேள்விகளையும் ஆராய்ந்தார். 2019இல் மறைந்தார். கருவியோடு இறங்கியவர் கடைசியில் அளவையியலுக்கே வந்து சேர்ந்ததில் எனக்கு வியப்பில்லை.

1990களின் தொடக்கத்தில் கோலாரின் ஆழ்நிலைச் சோதனைகள் நின்றன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமே மூடப்பட்டது. அந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்றும் மாரிக்குப்பத்தில் விடியலில் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வருகிறார்கள். இரும்புக் குழாய்களைக் கேஜில் ஏற்றி 2,300 மீட்டர் கீழே கொண்டுசேர்த்த கைகள் அந்த வீடுகளைச் சேர்ந்தவை. ஆய்வுக் கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் அவர்கள் பெயர் இல்லை. பாறையைத் தட்டி ஓசையால் தளர்ச்சியை அறியும் அவர்களுடைய தொழிலறிவு எந்தப் பாடநூலிலும் ஏறவில்லை. 1980இல் இருபது வயதாக இருந்தவருக்கு இன்று அறுபதுக்கும் மேல் ஆகிறது. 1965இல் வேலை செய்தவர்கள் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். இதைப் படிக்கும் பெங்களூர்த் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஒலிப்பதிவுக் கருவியோடு தங்கவயலுக்குப் போய், அவர்கள் வாய்மொழியைக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். இந்த ஆண்டே தொடங்குங்கள்.