அபரிக்கிரகம்

அபரிக்கிரகம் என்பது தேவைக்கு மேற்பட்ட பொருளைச் சேர்க்காமல் வாழும் நோன்பு. சமணத்தின் ஐம்பெரு நோன்புகளில் ஒன்று; பதஞ்சலியின் யோக சூத்திரம் கூறும் ஐந்து இயமங்களில் (ஒழுக்கக் கட்டுப்பாடுகளில்) இறுதியானது. சமணத் துறவியர் இதை முழுமையாகக் கடைப்பிடிப்பர். இல்லறத்தார் தம் உடைமைக்குத் தாமே வரம்பு வகுத்துக்கொள்வர்.

துறவுக்கு உரியதாகக் கருதப்பட்ட இந்நோன்பை 20ஆம் நூற்றாண்டில் அன்றாட வாழ்க்கைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் காந்தி. சபர்மதி ஆசிரம நோன்புகளில் இதைச் சேர்த்தார்; 1930இல் எரவாடா சிறையிலிருந்து எழுதிய கடிதங்களில் விளக்கினார். வந்த கடித உறைகளைப் பிரித்து வெற்றுப் பக்கத்தில் எழுதுவது, துண்டுப் பென்சிலையும் தீரும்வரை பயன்படுத்துவது, நாள்தோறும் நூல் நூற்பது ஆகியவை அவர் வழக்கங்கள். நோன்பு நிலைபெற்றது பெரும் துறப்புகளால் மட்டும் அன்று, இத்தகைய சிறு பழக்கங்களாலும்தான். 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் அவர் மேலாடையையும் தொப்பியையும் விடுத்து அரையாடைக்கு மாறினார். அந்நியத் துணியைக் கைவிட்டால் மாற்றுக் கதர் வாங்க ஏழைகளிடம் பணமில்லை என்பதே அதற்குக் காரணம்.

தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளியலாளர் ஜே. சி. குமரப்பா, சிறையில் எழுதி 1945இல் வெளியிட்ட நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலில், நுகர்வுக் கட்டுப்பாட்டை இயற்கை வளக் காப்போடு இணைத்தார்.