பாட்டுப் பெட்டி மாறிய கதை

ராஜாக்களின் சரித்திரத்தை எழுதுவதற்கு நம் நாட்டில் ஆட்களுக்குக் குறைவில்லை. ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் 236 அடி உயரம் என்றும், அது 1987-இல் பூர்த்தியாயிற்று என்றும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பையன் கூடச் சொல்லிவிடுவான். ஆனால் கோபுரத்தைச் சுற்றியிருக்கும் வீடுகளில் ஜனங்கள் எதைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்டார்கள் என்னும் சரித்திரத்தை யாரும் எழுதக் காணோம். அதைக் கொஞ்சம் எழுதிப் பார்க்கலாம் என்று வெகு நாளாக எனக்கு ஆசை. இதில் ராணிகள் கிடையாது. வழக்கும் தடையுத்தரவும் மட்டும் உண்டு.

முதலில் வந்தது கிராமபோன். தட்டு நிமிஷத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிஷம். மகா வித்துவானானாலும் அதற்குள் ராகத்தைச் சுருட்டிக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் ரேடியோ வந்தது. 1939-ஆம் வருஷம் மே மாதம் 16-ஆம் தேதி திருச்சி வானொலி நிலையம் பேசத் தொடங்கிற்று. 1947-இல் சுதந்திர இந்தியாவுக்குக் கிடைத்த நிலையங்களே ஆறுதான். அவற்றில் திருச்சி ஒன்று என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்றைக்கும் கொஞ்சம் கர்வம் உண்டு. ரேடியோவில் பாட்டைத் தேர்ந்தெடுப்பவர்கள் நிலையத்தார். கேட்பதோ அணைப்பதோ நம் இஷ்டம்.

1963-இல் பிலிப்ஸ் கம்பெனி காஸெட்டைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் அதே அளவில் செய்துகொள்ள அனுமதித்தது. ஆகவே பெரிய கடைவீதியில் வாங்கிய காஸெட் எந்த வீட்டு டேப் ரிக்கார்டரிலும் பாடிற்று. இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை. கணிப்பொறி வந்த பிறகுதான் தெரிந்தது.

கணிப்பொறிக்குள் பாட்டு என்பது வெறும் எண்களின் வரிசை. அந்த எண்களை எப்படி அடுக்குவது என்பதில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழி. ஸ்ரீரங்கம் கோயில் மதில்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் இருக்கின்றனவே, அவற்றைப் போலத்தான். எழுத்துத் தெரிந்தவர் வந்தால் கல் பேசும். தெரியாதவருக்கு அது வெறும் சுவர். கணிப்பொறியில் அப்படிப் படித்துச் சொல்லும் பண்டிதருக்குத்தான் ‘பிளேயர்’ என்று பெயர்.

மைக்ரோஸாப்ட் கம்பெனி 1991-லேயே தன் விண்டோஸுடன் ஒரு பண்டிதரைச் சேர்த்து அனுப்பியது. 1995-இல் ரியல் ஆடியோ வந்தது. முழுப் பாட்டும் வந்து இறங்கும் வரை காத்திராமல், வந்த மட்டும் கேட்கலாம் என்பது அதன் வித்தை. டெலிபோன் கம்பி வழியாக இரண்டு வரி பாடிவிட்டு மூன்றாவது வரிக்கு மூச்சு வாங்கும். அதே வருஷம் ஜெர்மனியில் பிரான்ஹோபர் ஆராய்ச்சி நிலையத்தார் தங்கள் கோப்புகளுக்கு ‘எம்பி3’ என்று பெயர் வைத்தார்கள். காதுக்குப் புலப்படாத நுட்பங்களைக் கழித்துவிட்டு, பாட்டைப் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருக்கிவிட முடிந்தது. 1997-இல் ஜஸ்டின் பிராங்கெல் என்னும் அமெரிக்க இளைஞர், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டவர், அதைப் பாடுவதற்கு ‘வின்ஆம்ப்’ என்ற பிளேயரை வெளியிட்டார்.

தமிழுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருந்தது. 1996-இல் ஏற்பட்ட முறைப்படி எம்பி3 கோப்பின் வாலில் பாட்டின் பெயருக்கு 30 இடம்தான். ஆங்கில எழுத்துக்கு ஓர் இடம் போதும். இன்று வழக்கத்திலுள்ள யூனிகோடு முறையில் தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று இடம் வேண்டும். பத்துக் குறியில் ஒரு பல்லவியின் பாதி கூட அடங்காது. பாகவதர் பாட்டைப் போட்டால் பெட்டியில் கேள்விக்குறிகள் வரிசையாக ஓடும். யார் பாடினார் என்று பெட்டி நம்மைக் கேட்பது போல இருக்கும்! பிறகு வந்த முறைகள் இந்தக் குறையைத் தீர்த்தன.

கூடவே வரும் பண்டிதரைத்தான் எல்லோரும் வைத்துக்கொள்வார்கள் என்பது ஐரோப்பிய கமிஷனின் கவலை. 2004-இல் அது மைக்ரோஸாப்டுக்கு 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதம் விதித்து, பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்கும்படி உத்தரவிட்டது. விற்றார்கள்; ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. அதே விலைக்குக் குறைந்த சாமானை யார் வாங்குவார்கள்? சட்டத்தால் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுக்கலாம்; தேர்ந்தெடுக்கிற மனத்தைக் கொடுக்க முடியாது போலிருக்கிறது.

இந்த விஷயம் எனக்கு உறைத்தது ஸ்ரீரங்கத்தில். சித்திரை வீதியில் இருந்த என் பெரியப்பா, தம் தகப்பனாரின் உபந்நியாசங்களைக் காஸெட்டில் பிடித்து வைத்திருந்தார். 2001-இல் ஒரு கடையில் கொடுத்து அவற்றையெல்லாம் ரியல் ஆடியோ கோப்புகளாக மாற்றிக்கொண்டார். காஸெட்டுகள் பூஞ்சை பிடித்துக் குப்பைக்குப் போயின. பத்து வருஷம் கழித்துப் புதுக் கணிப்பொறி வந்தது. அதோடு வந்த பிளேயருக்கு அந்தக் கோப்புகளைப் படிக்கத் தெரியவில்லை.

“ஏண்டாப்பா, அப்பா குரல் உள்ளேதான் இருக்குங்கறே. அப்புறம் ஏன் வரமாட்டேங்கறது?” என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் கைகொடுத்தது ‘வி.எல்.ஸி.’ பாரிஸில் ஒரு பொறியியற் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய வேலை அது. 2001-இல் அதன் சூத்திரம் முழுவதையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம் என்று உலகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். சாலையில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்புதான் அதன் சின்னம். பல கம்பெனிகளின் எழுத்துகளையும் அது படிக்கும். அன்று சாயங்காலம் கூடத்தில் கமகமவென்று தாத்தாவின் குரல் கேட்டது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வி.எல்.ஸி.க்கும் சோதனை வந்தது. 2022 பிப்ரவரியிலிருந்து அதன் வலைத்தளம் இந்தியாவில் தடுக்கப்பட்டிருந்தது. காரணத்தை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. வக்கீல் நோட்டீஸ் போயிற்று; நவம்பரில் தடை நீங்கிற்று. ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு அது பாடிக்கொண்டேதான் இருந்தது.

எந்தப் பிளேயர் நல்லது என்று கேட்கும் சிநேகிதர்களுக்கு நான் சொல்வது இதுதான்: அழகைப் பார்க்காதீர்கள், எத்தனை எழுத்து படிக்கத் தெரியும் என்று பாருங்கள். வீட்டுப் பெரியவர்களின் குரலை ஒரே கம்பெனியின் எழுத்தில் மட்டும் எழுதி வைக்காதீர்கள். எம்பி3-க்கு இருந்த காப்புரிமைகள் 2017-இல் காலாவதியாகிவிட்டன. இனி அது யாருக்கும் சொந்தமில்லை. அதிலும் ஒரு பிரதி எடுத்து, இரண்டு இடத்தில் வையுங்கள்.

பெரியப்பா அப்படித்தான் செய்தார். ஒன்று திருச்சியில் என்னிடம் இருக்கிறது.