ஈப்போவில் பிறந்தவரும் அட்டனில் பிறந்தவரும்

வாக்களிப்பதற்கும் நாடாளுமன்றத்தில் அமர்வதற்கும் எது தகுதி? ஒருவன் பிறந்த மண்ணா, அவன் தகப்பன் பிறந்த மண்ணா? அமெரிக்காவில் குடியரசுத் தலைவராவதற்குப் பிறப்பாலேயே குடிமகனாக இருத்தல் வேண்டும். இலங்கையிலோ, தான் பிறந்த மண் மட்டும் போதாது என்று 1948ஆம் ஆண்டிலேயே தீர்ப்பெழுதிவிட்டார்கள். அத்தீர்ப்புக்கு விலை கொடுத்தவர்கள் மலையகத் தமிழர்கள்.

1947 பொதுத்தேர்தலில் 95 தொகுதிகளுள் ஏழினை இலங்கை இந்தியக் காங்கிரஸ் வென்றது. நுவரெலியாவில் சௌமியமூர்த்தி தொண்டமான், தலவாக்கலையில் எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, மஸ்கெலியாவில் ஜீ. ஆர். மோத்தா ஆகியோர் அவர்களுட் சிலர். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்குகள் இடதுசாரிகளுக்குக் கைகொடுத்தன. டி. எஸ். சேனாநாயக்காவின் அரசுக்கு இது உவப்பாக இருந்திருக்க வழியில்லை.

மறு ஆண்டே வந்தது பிரஜாவுரிமைச் சட்டம். 1948 நவம்பர் 15 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி, இலங்கையில் பிறந்தவராயினும் தகப்பனாரும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். வெளிநாட்டில் பிறந்தவருக்கோ, தந்தையும் பாட்டனும் இலங்கையில் பிறந்திருந்தாலே போதும்.

இதன் விசித்திரத்தைப் பாருங்கள். தந்தை செல்வா என்று போற்றப்படும் எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிறந்தது மலாயாவின் ஈப்போ நகரில். குடும்பத்தின் வேர் தெல்லிப்பழையில் இருந்தமையால் அவருக்குப் பிரஜாவுரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் இருந்தன. அட்டனில் லயத்திலே பிறந்து கொழுந்து பறித்த பெண்ணோ, அவள் தகப்பன் திருச்சியில் பிறந்தவன் என்பதால் அந்நியளானாள். இந்த அநீதியை உரக்கச் சொன்னவரும் அதே செல்வநாயகம்தான். தமிழ்க் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949 டிசம்பரில் அவர் தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இப்பிரச்சினை ஒரு முக்கிய காரணம்.

1949இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, குறித்த காலம் இலங்கையில் வசித்த இந்திய, பாகிஸ்தானியர் விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என்றது. சுமார் 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. உரிமை கிடைத்ததோ ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. மற்றொன்று, பிரஜைகளல்லாதாரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. கோடக்கன் பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1953இல் தோற்றது.

1952 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசுக்கு ஓரிடமும் இல்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொகுதிகள் வகுக்கப்பட்டது மக்கள்தொகையைக் கொண்டு. தோட்டத் தொழிலாளரின் தலைகளும் அதில் எண்ணப்பட்டிருந்தன. தலைக்குக் கணக்குண்டு, கைக்கு வாக்குச்சீட்டு இல்லை! அவர்களால் உருவான இடங்களுக்கான உறுப்பினர்களைப் பிறர் தேர்ந்தெடுத்தனர்.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும், 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் பாதிப்பாதியாகப் பிரிக்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவைக் கண்டிராதவர்கள்.

1977இல் நுவரெலியா–மஸ்கெலியா தொகுதியிலிருந்து தொண்டமான் மீண்டும் தேர்வானார். நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்கு வழிசெய்யும் சட்டம் 2003இல்தான் வந்தது. 1948இல் அட்டனில் பிறந்த குழந்தைக்கு அப்போது வயது 55. இலங்கை அரசியல் சாசனத்தின் 21ஆவது திருத்தம் 2022இல் இரட்டைக் குடியுரிமையாளரை நாடாளுமன்றத்திலிருந்து விலக்கியபோது, இரு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போரைப் பற்றி ஊரெல்லாம் விவாதித்தது. ஒரு நாடும் இல்லாதிருந்தோரையும் அவ்வேளையில் நினைத்திருக்கலாம்.