செங்கல்பட்டு பி.சி.ஜி. கள ஆய்வும் சமூகப் பாதுகாப்புக் கருத்தும்

முன்னுரை

குழந்தைக்கு அளிக்கப்படும் தடுப்பு மருந்து, அதனைப் பெறாத பிறரையும் காக்குமா? பொது நலவாழ்வு வரலாற்றின் அடிப்படை வினாக்களுள் இதுவும் ஒன்று. இவ்வினாவை அணுகப் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் நிகழ்ந்த பி.சி.ஜி. கள ஆய்வு எவ்வாறு உதவுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

களமும் முறையும்

அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் திருவள்ளூர் முதல் மாமல்லபுரக் கடற்கரைக்கு அப்பாலும் பரந்திருந்தது. ஆய்வுக்களம் கடற்கரைப் பகுதியன்று. திருவள்ளூர், திருப்பெரும்புதூர் வட்டாரங்களைச் சார்ந்த 209 ஊராட்சிகளும் 9 நகரங்களுமாகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையுடன் 1968இல் இதனைத் தொடங்கியது. 1971 வரை இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்டோர்க்கு ஊசி இடப்பட்டது. ஒரு பகுதியினர் பி.சி.ஜி.யும் ஏனையோர் மருந்தற்ற ஊசியும் பெற்றனர். எவருக்கு எது இடப்பட்டது என்பதை இட்டவரும் அறியார், பெற்றவரும் அறியார்.

முடிவும் விளைவும்

1979இல் வெளியான முதல் அறிக்கை, ஏழரை ஆண்டுகளில் நுரையீரல் காசநோயிலிருந்து பாதுகாப்பு ஏதும் கிட்டவில்லை என்றது. 1999இல் வெளிவந்த பதினைந்தாண்டு முடிவும் பெரியவர்களிடம் பயனின்மையையே உறுதி செய்தது. சிறாரிடம் காணப்பட்ட பாதுகாப்பு 27 விழுக்காடு மட்டுமே; அதுவும் புள்ளியியல் நோக்கில் உறுதியற்றது. மண்ணிலும் நீரிலும் வாழும் பிற மைக்கோபாக்டீரியங்களின் தாக்கம் இதற்குக் காரணமாகலாம் என்ற விளக்கம் பின்னர்ப் பெரிதும் விவாதிக்கப்பட்டது.

எனினும், பி.சி.ஜி. கைவிடப்படவில்லை. மூளையுறைக் காசநோய் முதலிய கொடிய வகைகளிலிருந்து மழலையரைக் காப்பதே அதன் பணியென வரையறுக்கப்பட்டது. காசநோயைப் பெரும்பாலும் பரப்புவோர் நுரையீரல் நோயுற்ற பெரியவர்கள். கைக்குழந்தைகள் அதனைப் பரப்புதல் அரிது. ஆகவே, குழந்தைக்கு இடும் ஊசி குழந்தையைக் காக்குமேயன்றி ஊரில் நோய் பரவும் சங்கிலியை அறுக்காது.

ரோட்டா வைரஸ்: ஓர் ஒப்பீடு

வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸின் இயல்பு இதற்கு மாறானது. அதனை மிகுதியாகப் பரப்புவோர் இளங்குழந்தைகளே. அமெரிக்காவில் 2006இல் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து அளிக்கத் தொடங்கிய பின், அதனைப் பெறாத மூத்த சிறாரிடமும் இளையோரிடமும் மருத்துவமனைச் சேர்க்கை குறைந்தது. தமிழ்நாட்டில் இம்மருந்து 2017இல் தடுப்பூசித் திட்டத்தில் இணைந்தது.

முடிவுரை

சமூகப் பாதுகாப்பு தடுப்பு மருந்தின் ஆற்றலால் மட்டும் அமைவதன்று. நோயைப் பரப்புவோர் யாவர் என்பதையும் பொறுத்தது. செங்கல்பட்டு ஆய்வைத் தோல்வி எனக் குறிப்பது பொருந்தாது. தோற்றது ஓர் எதிர்பார்ப்பே. அதனைத் தெளிவாக அறியச் செய்த சிற்றூர் மக்களின் பங்களிப்பு, தமிழக மருத்துவ வரலாற்றில் உரிய இடம் பெறத்தக்கது.