கரிச்சானின் இரவல் குரல்

ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்கு மரம் வேண்டுமென்று 1970களில் இலங்கையின் சிங்கராஜ வனத்துக்குள் இயந்திரங்களை இறக்கினார்கள். எதிர்ப்பு வலுத்து வெட்டு நின்றது. மரம் இழுக்கப் போட்ட பாதை மிஞ்சியது. அடர்காட்டில் பறவை பார்க்க அதைவிட வசதி ஏது? 1981இல் பறவையியலாளர் சரத் கொட்டகம அங்கே குறிப்பெடுக்கத் தொடங்கினார்.

அவர் கவனித்தது கலப்புக் கூட்டங்களை. பத்துக்கு மேற்பட்ட இனங்கள், 40 பறவைகள் அளவில், சேர்ந்தே இரை தேடிப் போகும். நடுவில் செம்மஞ்சள் அலகுப் புலுனிகள். கொலன்னாவையில் எங்கள் முற்றத்தைக் கிளறும் புலுனிக்குக் காட்டுச் சொந்தம். வாய் ஓயாததும் அப்படியே. அவை இலைகளைக் கலைக்க, எழும்பும் பூச்சியைக் கூடவே வரும் கொண்டைக் கரிச்சான் பிடித்துவிடும்.

கரிச்சான் பிற பறவைகளின் குரலை எடுக்கும் என்பது பழைய சேதி. வெறும் விளையாட்டு என்று அதை விட்டுவிடலாம். கொட்டகமவோடு சேர்ந்த அமெரிக்க ஆய்வாளர் ஈபன் குடேல் விடவில்லை. எந்தக் குரலை எந்த வேளையில் எடுக்கிறது என்று பார்த்தார். ஆய்வு பிறந்தது இந்தக் கேள்வியில்தான். பதிவுகளைப் பிரித்தபோது, அமைதியான வேளையில் மற்ற இனங்களின் பாட்டும் அழைப்பும் இருந்தன. ஆபத்து வேளையில் அவற்றின் எச்சரிக்கைக் குரலும் வேட்டைப் பறவைகளின் சத்தமும். 2006இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் இது வெளியானது.

பிறகு கரிச்சானின் குரலை ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்தார்கள். பிற இனங்களின் குரல் கலந்த பதிவுக்கு, கலக்காததைவிட அதிகப் பறவைகள் வந்தன. ஆள் சேர்க்கிற வேலை! இரவல் எச்சரிக்கையைக் கேட்ட பறவைகளோ வகைக்கேற்பப் பறந்து ஒளிந்தன, அல்லது எதிரியை விரட்டக் கூடிவந்தன. எச்சரிக்கை பற்றிய இந்தக் கட்டுரை 2014இல் வந்தது.

கலஹாரிப் பாலைநிலத்தில் இன்னொரு கரிச்சான் இனம் இதே வித்தையைத் திருட்டுக்கு வைத்திருக்கிறது. பொய்யாக எச்சரித்து, மீர்கட் என்னும் சிறு விலங்குகள் போட்டுவிட்டு ஓடும் இரையை அபகரிக்கிறது என்று ஆய்வாளர் டொம் ஃப்ளவர் காட்டினார். சிங்கராஜக் கரிச்சானின் பிழைப்பு வேறு என்றே எனக்குப் படுகிறது. புலுனிகள் இலையைக் கலைத்துக்கொண்டே போனால்தான் அதற்குச் சாப்பாடு. அடிக்கடி பொய் சொல்லிக் கூட்டத்தை ஓட்டிவிட்டால் பூச்சி எழுப்ப ஆளிருக்காது.