ஆளளவே வில்லளவு: மரவில்லின் நீளமும் நாண் இழுக்கும் நீளமும்

முன்னுரை

வில்லை ஆராய்ந்தவர்களில் பெரும்பாலோர் அதன் வலிமையைப் பற்றியும் வில்லாளியின் திறமையைப் பற்றியுமே எழுதியிருக்கிறார்கள். மரவில் செய்பவர் கேட்கும் முதல் கேள்வி வேறு: இந்த வில்லை எய்யப்போகிறவர் நாணை எவ்வளவு தூரம் பின்னுக்கு இழுப்பார்? அந்த இழுநீளம் தெரியாமல் வில்லின் நீளத்தை முடிவுசெய்ய இயலாது. நீளம் குறைந்தால் மரம் முறியும் அல்லது வளைந்த வாக்கிலேயே நின்றுவிடும். தேவைக்கு மேல் நீண்டால் வில் தன் எடையையே சுமந்து, அம்புக்குக் கொடுக்க வேண்டிய வேகத்தை இழக்கும். இந்தப் பொருத்தம் இந்திய மரபில் எப்படி உருவாகி நிலைபெற்றது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். பழைய நூல்கள் வில்லுக்குச் சொல்லும் முழக்கணக்கு, மரத்தின் தாங்கும் எல்லையைப் பட்டறிவால் கண்டு வகுத்த கணக்கு என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

கல் நிலைத்தது, மரம் நிலைக்கவில்லை

தமிழகத்தின் கொசஸ்தலை ஆறு, தொல்பழங்கால ஆய்வில் உலகப் புகழ்பெற்றது. அதன் வடிநிலத்திலுள்ள அத்திரம்பாக்கத்தில் 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கருவிகளைக் கண்டெடுத்தனர். தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழு அங்கு நடத்திய அகழாய்வு, பழைய கற்கருவிகளின் காலத்தை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்குக் கொண்டுசென்றது. ஆயினும் இப்பகுதியின் ஈரமும் வெயிலும் மாறிமாறித் தாக்கும் மண்ணில் மரப்பொருள் தங்குவதில்லை. டென்மார்க்கின் சதுப்பு நிலத்தில் 1944-இல் கிடைத்த, ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமையுள்ள ஹோல்மகார்டு வில்லைப் போன்ற ஒன்றை இங்கே எதிர்பார்க்க முடியாது.

எனவே தென்னாசிய வில்லின் தொடக்கத்தை அம்பு முனைகளிலிருந்தும் ஓவியங்களிலிருந்துமே ஊகிக்கிறோம். இலங்கையின் ஃபாகியன் குகையில் கிடைத்த எலும்பு முனைகள் ஏறத்தாழ 48,000 ஆண்டுப் பழமையான வில்வேட்டையைக் காட்டுகின்றன என்று 2020-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்கா பாறை ஓவியங்களில் வில்லேந்திய வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள். வில்லின் அளவைச் சொல்லும் சான்றுக்கு நாம் எழுத்துக்கே வர வேண்டும்.

ஆளுயர வில்

கி.மு. 326-இல் அலெக்சாந்தருடன் இந்தியாவுக்கு வந்த நியார்க்கஸ் எழுதியதை, பிற்காலத்துக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஆரியன் தம் ‘இண்டிகா’வில் எடுத்துரைக்கிறார். இந்தியக் காலாட்களின் வில் அதை ஏந்துபவரின் உயரத்துக்குச் சமம். அதை நிலத்தில் ஊன்றி, இடக்காலால் அழுத்தி, நாணை நெடுந்தூரம் பின்னுக்கு இழுத்து எய்தார்கள். அம்பின் நீளம் மூன்று முழத்துக்குச் சற்றே குறைவு. கேடயமும் மார்புக்கவசமும் அதன் முன் நிற்கவில்லை. அலெக்சாந்தர் போரஸ் மன்னனுடன் நடத்திய போரில் மழையால் சேறான நிலத்தில் வில்லை ஊன்ற முடியாமல் இந்திய வில்லாளர்கள் திணறியதை ரோம வரலாற்றாசிரியர் கர்ட்டியஸ் தனியே குறிப்பிடுகிறார். இரு குறிப்புகளும் ஒன்றையொன்று தாங்குகின்றன.

இங்கே ஒரு தெளிவு தேவை. மூன்று முழ அம்பு ஏறத்தாழ 130 செ.மீ. அவ்வளவு தூரம் எந்தக் கையாலும் நாணை இழுக்க முடியாது. நடுத்தர உயரமுள்ளவர் காதுவரை இழுத்தாலும் 75 செ.மீ.யை ஒட்டியே நிற்பார். எஞ்சிய பகுதி வில்லுக்கு முன்னே நீண்டுகொண்டிருக்கும். ஆகவே அம்பின் நீளத்தை இழுநீளமாகக் கொள்ளக் கூடாது. நீண்ட அம்பு எடையைக் கூட்டுவதற்கு, நீண்ட வில் இழுப்பைத் தாங்குவதற்கு.

பனையும் மூங்கிலும்

வில் செய்யும் பொருள்களை அர்த்தசாஸ்திரம் வரிசைப்படுத்துகிறது: பனை, மூங்கில், மரம், கொம்பு. நாணுக்கு மருள், எருக்கு, சணல், மூங்கில் நார், நரம்பு முதலியவற்றைச் சொல்கிறது. பட்டியலில் பனை இடம்பெறுவது தமிழகத்து வாசகருக்கு வியப்பாக இருக்காது. பனையிலும் மூங்கிலிலும் வலுவான நார்கள் வெளிச்சுற்றில் நெருங்கியும் உட்பக்கம் போகப்போகத் தளர்ந்தும் இருக்கும். ஓட்டு வீட்டுக் கூரைக்குப் பனங்கை எடுக்கும்போது வைரம் பாய்ந்த வெளிப்பகுதியையே எடுப்பது இதனால்தான். வில் வளையும்போது அதன் வெளிமுகம் இழுபடும், உள்முகம் நெருக்குண்ணும். ஆகவே நார் செறிந்த பக்கத்தை வெளிமுகமாக வைப்பது முறை. மூங்கிலை அறுக்காமல் பிளந்து எடுத்தால் நார் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அறுபடாமல் ஓடும்.

1363-இல் தொகுக்கப்பட்ட சார்ங்கதர பத்ததியின் வில்வேதப் பகுதி இன்னும் நுணுக்கமானது. முற்றாத மூங்கிலையும் மிகப் பழையதையும், தீப்பட்டதையும் துளையுள்ளதையும் அது விலக்குகிறது. மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படைக் கணுக்களை ஏற்கிறது. எய்பவரின் தோள்வலிக்குச் சற்றே குறைந்த வலிமையுள்ள வில்லே நல்லது என்கிறது. வில் ஆளுக்கு அடங்க வேண்டும் என்ற இந்த நோக்கே நீள அளவிலும் வெளிப்படுகிறது.

முழக்கணக்கின் பொருள்

காலாட்களுக்கான வில்லை அக்னி புராணம் மூன்று தரமாகப் பிரிக்கிறது. நான்கு முழ வில் தலையாயது, மூன்றரை முழம் இடைத்தரம், மூன்று முழம் கடைத்தரம். அர்த்தசாஸ்திரத்தின் அளவு முறையிலும் 96 விரற்கடை, அதாவது நான்கு முழம், ஒரு ‘தனுசு’. ஆளின் உயரத்தைக் குறிக்கும் ‘பௌருஷ’மும் அங்கே அதே அளவுதான்.

இந்தத் தரவரிசையை இழுநீளத்தோடு வைத்துப் பார்த்தவர் குறைவு. பார்த்தால் அதன் நியாயம் புலப்படும். 165 செ.மீ. உயரமுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய முழம் ஏறத்தாழ 45 செ.மீ. நாணைத் தாடைவரை இழுத்தால் 66 செ.மீ., நம் இலக்கியங்கள் போற்றும் முறையில் காதுவரை இழுத்தால் 76 செ.மீ. வரும். நான்கு முழ வில்லின் நீளம் 180 செ.மீ. அது காதுவரை இழுக்கும் நீளத்தைப் போல் 2.4 மடங்கு. மூன்றரை முழ வில் 157 செ.மீ., அதாவது 2.1 மடங்கு. மூன்று முழ வில் 135 செ.மீ., 1.8 மடங்கு மட்டுமே.

இன்றைய மரவில் கைவினைஞர்கள் உலகெங்கும் பின்பற்றும் நடைமுறை விதி, வில்லின் நீளம் இழுநீளத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையக் கூடாது, வளையாத கைப்பிடியின் நீளத்தை அதற்குமேல் கூட்ட வேண்டும் என்பது. இதன்படி நான்கு முழ வில் காதுவரை இழுக்கப் பாதுகாப்பானது. மூன்றரை முழ வில் எல்லைக்கோட்டில் நிற்கிறது. மூன்று முழ வில்லைத் தாடைவரை மட்டுமே இழுக்கலாம். தலை, இடை, கடை என்ற வரிசை மரத்தின் எல்லையோடு இவ்வளவு பொருந்துவதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது. 1545-இல் மூழ்கி 1982-இல் மீட்கப்பட்ட இங்கிலாந்தின் மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த விற்கள் சராசரி 2 மீட்டரை ஒட்டியவை, அம்புகள் ஏறத்தாழ 76 செ.மீ. அம்பை முனைவரை இழுத்ததாகக் கொண்டால் அங்கும் விகிதம் 2.6.

முழம் அவரவர் கையளவு என்பதையும் மறக்கக் கூடாது. நெட்டையானவருக்கு முழமும் நீளும், இழுப்பும் நீளும், வில்லும் நீளும். எண்ணை மாற்றாமலே பொருத்தம் காக்கப்படுகிறது.

மரம் ஏன் இந்த எல்லையை வைக்கிறது?

ஒரே தூரம் இழுக்கும்போது குட்டையான வில் நீண்ட வில்லைவிடக் கூர்மையாக வளைய வேண்டியிருக்கிறது. அந்த வளைவில் வெளிமுகம் எவ்வளவு நீள்கிறது என்பதை வில்லின் தடிமன் தீர்மானிக்கும். மரம் தன் நீளத்தில் நூற்றில் ஒரு பங்கு அளவே நீண்டு கொடுக்கும். அதைத் தாண்டினால் சிம்பு எழும்பும், பிறகு முறியும். தடிமனைக் குறைத்தால் வளையும், ஆனால் விசை விழுந்துவிடும். அகலத்தை இரட்டித்தால் விசை இரு மடங்காகிறது, தடிமனை இரட்டித்தால் எட்டு மடங்காகிறது. எனவே குட்டை வில்லை அகலமாகவும் மெல்லியதாகவும் செய்வதே வழி. நாணுக்கும் வில்லின் முனைக்கும் இடையிலுள்ள கோணம் செங்கோணத்தைத் தாண்டினால், கடைசி ஓரிரு விரற்கடை இழுப்பில் சுமை திடீரென்று ஏறும். கை நடுங்கும், குறி தவறும். 1930-களில் அமெரிக்க இயற்பியலாளர் ஹிக்மன் முதலியோர் இவற்றைக் கணித முறையில் ஆராய்ந்தனர்.

பட்டறையில் இந்தக் கணக்கு கண்ணால் பார்க்கப்படுகிறது. பாதி செதுக்கிய வில்லைக் கட்டையில் பொருத்தி, நாணைச் சிறிது இழுத்து, இரு பாதிகளும் ஒரே சீராக வளைகின்றனவா என்று பார்ப்பார்கள். விறைத்து நிற்கும் இடத்தில் ஒரு சுற்று இழைப்பார்கள். மீண்டும் இழுப்பு, மீண்டும் இழைப்பு. எய்பவரின் இழுநீளத்தை எட்டியதும் நிறுத்திவிட வேண்டும்.

கொம்பு வில்லின் விலக்கு

உள்முகத்தில் கொம்பும் வெளிமுகத்தில் நரம்பும் ஒட்டிய கூட்டு வில் இந்த விதியை மீறியது. கொம்பும் நரம்பும் மரத்தைவிடப் பன்மடங்கு வளைவைத் தாங்கும். குதிரைமேலிருந்து எய்ய அந்தக் குட்டை வில்லே உகந்தது. சுல்தான்கள், முகலாயர் படைகளில் அது மேலோங்கியது. ஆனால் அதன் விலங்குப் பசை ஈரக்காற்றில் இளகும், செய்து முடிக்க நெடுநாள் பிடிக்கும். காட்டுவாசிகளும் ஊர்க்காவலரும் மரவில்லையும் மூங்கில் வில்லையும் கைவிடவில்லை.

இலங்கைப் பழங்குடியினரான வேடர்களின் வில் ஆளுயரத்தை ஒட்டியது என்பதை மானிடவியலாளர்களான செலிக்மன் இணையர் 1911-இல் வெளியிட்ட நூலால் அறிகிறோம். அதே வேடர்கள் தமக்கு வேண்டிய அம்பின் வடிவில் இலையை வெட்டி, இறைச்சியோடு இரவில் கொல்லர் பட்டறையில் தொங்கவிட்டுச் செல்வார்கள் என்று ஆங்கிலேயரான ராபர்ட் நாக்ஸ் 1681-இல் எழுதினார். எழுத்தில்லாமலே அளவு துல்லியமாகக் கைமாறியதற்கு இது நல்ல சான்று.

முடிவுரை

நியார்க்கஸ் கண்ட ஆளுயர வில், புராணத்தின் நான்கு முழம், வேடர் வில் ஆகியவை ஒரே உண்மையின் தனித்தனிப் பதிவுகள். எய்பவரின் உடலிலிருந்து அளவெடுத்தால் மரம் முறியாது என்பதே அந்த உண்மை. தேசிய வில்வித்தைப் போட்டிகளில் 50 மீட்டரிலும் 30 மீட்டரிலும் மூங்கில் வில்லால் எய்யும் இந்தியச் சுற்று இன்றும் நடக்கிறது. அதில் பயிலவரும் சிறுவர்களுக்கு வில் வாங்கும்முன் அவர்களுடைய இழுநீளத்தை அளந்துகொள்வது பயிற்றுநர்களின் கடமை. அருங்காட்சியகங்களும் தம்மிடமுள்ள பழங்குடி விற்களுக்கு நீளத்தோடு அகலம், தடிமன், கணு எண்ணிக்கை, உடன் கிடைத்த அம்பின் நீளம் ஆகியவற்றையும் பதிவுசெய்ய வேண்டும். அத்தகைய பதிவு இருந்தால்தான் இங்கே முன்வைத்த முழக்கணக்கை ஒவ்வொரு வில்லிலும் சோதித்துப் பார்க்க முடியும்.